பத்தாயத்துக்கு ஒரு வாக்கியம்

1

இந்தக் கதை நடந்ததல்ல. யாரும் எனக்குச் சொன்னதும் அல்ல. ஒரு சொல்லுக்குப் பொருள் எழுத உட்கார்ந்தேன். எடுத்துக்காட்டாக ஒரு வாக்கியம் எழுதினேன். அந்த வாக்கியம் என்னை எழுந்துபோக விடவில்லை. இதன் பூர்வீகம் அவ்வளவுதான்.

எழுதச் சொன்னவர் தாணுலிங்கம். நாகர்கோவிலில் ஒரு மாதப் பத்திரிகை நடத்துகிறார். போன மாதம் திருவனந்தபுரம் வந்தவரை வழியனுப்பத் தம்பானூருக்குப் போயிருந்தேன். பஸ் புறப்பட நேரம் இருந்தது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு அவர் சொன்னார்:

"ஓய், வாற நவம்பர்ல ராஜ்யத்தப் பிரிச்சதும் நீரு கேரளம், நான் மதராஸ். எல்லையில கல்லு நட்டிருவான். அதுக்கு முன்னால ரெண்டு பக்கமும் பொதுவா கெடக்க சொல்லு ஒவ்வொண்ணா எழுதிப் போடலாம்னு இருக்கேன். நீரு பத்தாயத்த எழுதும்."

"ஏன் பத்தாயம்?"

"எங்க வீட்டுல ஒண்ணு கெடக்கு. எலி குட்டி போட்டிருக்கு. அதான் ஞாபகம் வந்துது." பிறகு விரலை நீட்டினார். "பொருள், பிறப்பு, வழக்கு. ஒரு பக்கம். ஒம்ம கிட்ட எழுதக் குடுத்தா மூணு பக்கம் யோசனையும் அரை வரி விஷயமும்லா வரும். அது வேண்டாம்."

பஸ் போன பிறகும் பெஞ்சில் கொஞ்ச நேரம் இருந்தேன்.

வீட்டுக்கு வந்து எழுதியது இது:

பத்தாயம். பொருள்: நெல் போட்டுவைக்கும் பெரிய மரப்பெட்டி. மேலே மூடிப்பலகை, அதில் பாய் விரித்து ஆள் உட்காரலாம், படுக்கலாம். அடியில் நெல் எடுக்க ஒரு சிறிய திறப்பு உண்டு, அதற்கு வாய் என்று பெயர்.

பிறப்பு: தெரியவில்லை. பத்து, ஆயம் என்று பிரித்துக் காட்டினார் ஒருவர். பற்று என்பதிலிருந்து வந்தது என்றார் இன்னொருவர். இரண்டையும் கேட்டுக்கொண்டேன், இரண்டையும் நம்பவில்லை. பிறப்பு தெரியாத ஒரு சொல்லுக்குள் இத்தனை தலைமுறை நெல் கொட்டிவைக்க முடிந்திருக்கிறது.

வழக்கு: மண்ணால் செய்தது குதிர், திருநெல்வேலிப் பக்கம் குலுக்கை. மரத்தால் செய்தால்தான் பத்தாயம். மலையாளத்தில் எலிப்பொறிக்கும் எலிப்பத்தாயம் என்றே பெயர். உட்கார்ந்து தின்பவனைக் கேலிசெய்ய இங்கே ஒரு பழமொழி உண்டு: "பத்தாயம் பெறும், சக்கி குத்தும், அம்ம வெய்க்கும், ஞான் உண்ணும்." பத்தாயம் நெல்லைப் பெற்றுப்போடும், சக்கி என்பவள் குத்துவாள், அம்மா சமைப்பாள், நான் உண்பேன்.

எடுத்துக்காட்டு: சிவகாமியம்மாளின் பத்தாயம் நிறைந்திருக்கிறது.

இங்கே பேனா நின்றது. யார் இந்தச் சிவகாமியம்மாள்? அகராதி வாக்கியங்களில் வரும் ராமனும் சீதையும் எதையும் கேட்பதில்லை. மரம் ஏறுவார்கள், பழம் தின்பார்கள், அடுத்த சொல்லுக்கு வழிவிட்டுப் போய்விடுவார்கள். இவள் போகவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வெகுநேரம் இருந்தேன். பிறகு ஒன்று தோன்றியது. நெல் நிறைந்த பத்தாயத்தைப் பார்த்து யாரும் "நிறைந்திருக்கிறது" என்று சொல்வதில்லை. யாரோ சந்தேகப்பட்டால்தான் அப்படி ஒரு வாக்கியம் தேவைப்படும்.

2

முதல் தொடக்கம்: "1948ஆம் ஆண்டு திருவிதாங்கூரில் அரிசிப் பஞ்சம் கடுமையாக இருந்த காலத்தில், கரமனை ஆற்றுக்கு அருகே—"

(இல்லை. இது சர்க்கார் அறிக்கை.)

இரண்டாம் தொடக்கம்: "பத்தாயம் காலியாக இருந்தது."

இது உண்மை. முதல் வரியிலேயே சொன்னால் கதையில் மிச்சம் ஒன்றும் இராது என்று அடித்தேன். அப்புறம் மறைத்துவைக்க நான் யார் என்று தோன்றியது. மறைத்தவள் சிவகாமியம்மாள். நான் அவளுக்கு எதிரில் நிற்கிறவன், கூட நிற்கவும் ஆசைப்படுகிறவன். ஆகவே வாசகரே, உங்களுக்குத் தெரிந்தே இருக்கட்டும்: பத்தாயம் காலி.

அவள் கணவர் கோலப்பபிள்ளை திருவனந்தபுரம் ஆரியசாலையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கராக இருந்தார். நாஞ்சில் நாட்டுக்காரர். ஊரிலிருந்து அயினிப் பலகைகளை வண்டியில் கொண்டுவந்து, கரமனை வீட்டின் நடு அறைக்குள்ளேயே வைத்துப் பத்தாயத்தை மூட்டினார். அது கதவைவிட அகலம். அறுப்புக்கு அறுப்பு ஊர் நெல் வந்து அதில் விழுந்தது. பிறகு அவர் நோயில் கிடந்தார். வயல் வைத்தியத்துக்குப் போயிற்று. அவரும் போனார். வீட்டில் விற்கக்கூடியது எல்லாம் ஒவ்வொன்றாக வெளியேறியது. பத்தாயத்தை விற்றிருக்கலாம், ஆனால் உடைத்தால்தான் வெளியே போகும். உடைப்பதற்கு அவளுக்கு மனம் வரவில்லை. தாயும் மகளும் ரேஷன் அரிசியில் காலம் கழித்தார்கள். மகள் சரோஜம் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர்.

சரோஜத்துக்கு நாகர்கோவில் வடசேரியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையன் நெல்லையப்பன். சுசீந்திரத்தில் ஒரு கல்யாணத்தில் மழை பிடித்துக்கொண்டபோது, அவள் மறந்துவிட்டுப் போன குடையை எடுத்துக்கொண்டு தான் நனைந்தபடி பின்னால் வந்தவன். "ஒங்க கையிலதான் குடை இருக்கே, விரிக்கப்பிடாதா?" என்று கேட்டிருக்கிறாள். "அது ஒங்களுக்குள்ளதுல்லா" என்றிருக்கிறான். அதற்குமேல் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. அவளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

பையனுக்குத் தகப்பனார் இல்லை. தாய்மாமன் பகவதிப்பெருமாள் பிள்ளை வந்து வீட்டைப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். இந்தக் குடும்பங்களில் ஒரு வழக்கம். பார்க்க வரும் பெரியவரைப் பெண்வீட்டுப் பத்தாயத்தின் மேல்தான் உட்கார வைப்பார்கள். அவர் பேச்சுக்கு நடுவே ஒன்றுமறியாதவர்போல மடக்கிய விரலால் பலகையைத் தட்டுவார். வெற்றுப் பத்தாயம் மத்தளம்போல் ஒலிக்கும். நிறைந்தது ஊமையாக இருக்கும். பக்கத்தில் தாம்பூலத் தட்டு இருக்கும். உட்கார்ந்தபடி வெற்றிலையை எடுத்தால் சம்மதம். எடுக்காமல் எழுந்தால் வேறு இடம் பார்க்கலாம் என்று அர்த்தம். வாயால் யாரும் யாரையும் மறுக்க வேண்டியதில்லை. அந்த மரியாதைக்காக ஏற்பட்டதுதான் வழக்கம்.

சிவகாமியம்மாள் ஒரு நெல் மில்லில் சொல்லி ஒரு வண்டி உமி வாங்கினாள். சர்க்கார் கட்டுப்பாடு நெல்லுக்குத்தான், உமிக்குக் கிடையாது, யாரும் கேட்கப்போவதில்லை. ஆகையால் பட்டப்பகலில், மத்தியானத்தில், வாசலிலேயே இறக்கினாள்.

(அவள் செய்த தப்பு இதுதான். உமியை நினைத்தாள், மூட்டையை மறந்தாள். அந்த வருஷத்தில் கட்டிய மூட்டை எதுவும் பார்ப்பவர் கண்ணுக்கு நெல்தான்.)

3

முதல் எழுத்தில் சரோஜம் பேசவே இல்லை. தாய் உமியைக் கொட்டினாள், மகள் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று எழுதி, அவளுக்கு இரண்டு சொட்டுக் கண்ணீரும் கொடுத்திருந்தேன். எழுதியதைப் படித்தபோது அவள்மேல் எனக்கு நம்பிக்கை வரவில்லை. அடக்கமான பெண்ணைப் படைப்பது சுலபம். அவளுக்கு என்ன தோன்றியது என்று யோசிக்காமல் தப்பித்துக்கொள்ளலாம். ஒரு வண்டி உமியை ஒருத்தி தனியாகக் கொட்ட முடியாது என்பதையும் நான் யோசிக்கவில்லை. சரோஜமும் மூட்டை தூக்கியிருக்கிறாள். ஆகவே அவளுக்குக் கேட்கும் உரிமை உண்டு. திரும்ப எழுதினேன்:

"எம்மா, தும்மலா வருகு."

"மூக்கப் பொத்திக்கோ மக்கா. கூடவே வாயையும் பொத்திக்கோ."

"நாளைக்கு அவங்க வீட்டுக்குப் போன பெறகு, ஒங்க அம்ம வீட்டுல அம்புட்டு நெல்லு இருந்துதே, எங்கன்னு கேட்டா நான் என்ன சொல்லட்டு?"

"கேக்கும்போ நீ அந்த வீட்டுக்காரி. வீட்டுக்காரிய யாரு திருப்பி அனுப்புவா?"

"அனுப்ப மாட்டா. தெனம் கேப்பா."

சிவகாமியம்மாள் கொட்டுவதை நிறுத்தினாள். புழுதியில் அவள் இமைகள் வெளுத்திருந்தன.

"ஒன் அப்பா இருந்தா இதுல நெல்லு இருக்கும். அவரு இல்லாததுக்கு நீ தண்டன அனுபவிக்கணுமா? ஏட்டி, அந்தச் சாக்க எடு."

உமியின் மேல் ஒரு பழைய பாயை விரித்து, அதன்மேல் வீட்டில் இருந்த கொஞ்சம் நெல்லைப் பரப்பினார்கள். திறந்து எட்டிப் பார்ப்பவருக்கு நெல். தட்டிப் பார்ப்பவருக்கு ஊமை.

சரோஜம் காலிச் சாக்குகளை மடித்து அடுக்கினாள்.

4

மறுநாள் காலையில் பகவதிப்பெருமாள் பிள்ளையும் அவர் மனைவி சொர்ணம்மாளும் நாகர்கோவில் பஸ்ஸில் வந்து கரமனைப் பாலத்தருகே இறங்கினார்கள். அவருக்குப் பருத்த உடம்பு, உரத்த குரல்.

"மைனி, பஸ்ஸுல நம்மள நெல்லு மூடை மாதிரில்லா அடுக்கிட்டான். நல்லவேளை, வழியில எவனும் பிடிக்கல்ல."

"வாங்க அண்ணாச்சி. இருங்க."

பத்தாயத்தின் மேல் பாய் விரித்திருந்தது. அவர் ஏறி உட்கார்ந்தார். சொர்ணம்மாள் அடுக்களைப் பக்கம் போனாள். விதவை தாம்பூலத் தட்டைத் தொடக்கூடாது என்பதால், அடுத்த வீட்டு முத்தாரம்மாள் அதைக் கொண்டுவந்து அவர் வலதுகை அருகே வைத்துவிட்டு உள்ளே போனாள்.

(இனி வரப்போகும் அதிகாரியிடம் மூட்டையைப் பற்றிச் சொன்னது இவளா என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. தெரிந்துகொண்டால் இவளை வெறுக்க வேண்டிவரும். கதைக்கு அது தேவையில்லை.)

"மரம் என்ன, பிலாவா?"

"அயினியாக்கும் அண்ணாச்சி. அவங்க ஊருல இருந்து பலகையாட்டு கொண்டு வந்து இங்க வச்சு மூட்டினது."

"கோலப்பபிள்ளை எதையும் உருப்படியாட்டுத்தான் செய்வாரு" என்று சொல்லிக்கொண்டே அவர் தட்டினார். உட்கார்ந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒருமுறை. கொஞ்சம் கீழே, பக்கப்பலகையில் ஒருமுறை. ஒலி எழவில்லை. மடக்கிய விரல் பலகையின் மேலேயே கொஞ்ச நேரம் இருந்தது.

(இந்தக் கடைசி வாக்கியத்தை ஏன் எழுதினேன் என்று எனக்கே தெரியவில்லை. பிரதி எடுக்கும்போது அடித்துவிடலாம் என்று விட்டுவைத்தேன்.)

"நல்லா கெட்டியாட்டு இருக்கு மைனி" என்றார். கை தாம்பூலத் தட்டின் பக்கம் நகர்ந்தது.

வாசலில் செருமல் கேட்டது. காக்கிக் கால்சட்டை போட்ட ஒருவர், கையில் தொப்பியுடன்.

"ரேஷன் இன்ஸ்பெக்டராக்கும், பேரு தங்கையன். அம்மச்சி வருத்தப்படப்பிடாது. நேத்து மத்தியானம் இங்க மூடை எறங்கினதாட்டு ஒரு பராதி வந்திருக்கு. பத்தாயத்தத் தொறந்து காட்டணும்."

சிவகாமியம்மாள் நின்ற இடத்தில் நின்றாள். அவள் நிலைமையை ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உள்ளே இருப்பது நெல் என்றால் பதுக்கல், பறிமுதல், கோர்ட்டு. உமி என்றால் குற்றமில்லை. ஆனால் மேலே உட்கார்ந்திருப்பவர் எழுந்துவிடுவார். இன்ஸ்பெக்டருக்குக் காலி என்று காட்ட வேண்டும், மாமனுக்கு நிறைவு என்று காட்ட வேண்டும். ஒரே பெட்டி. ('எலிப்பத்தாயம்' என்ற சொல் இங்கே தானாக வந்து நின்றது. மிகச் சுலபமாக வந்ததால் அனுப்பிவிட்டேன்.)

"ஓய், இது சம்பந்தம் பேசுக எடம்" என்றார் பகவதிப்பெருமாள் பிள்ளை.

"பேசணும் சாரே. நான் பத்தாயத்துக்கிட்ட மட்டும்தான் பேச வந்திருக்கேன்."

"அது என்ன பேசும்?"

"பத்தாயம் பெறும்னு சொல்லுவாங்கல்லா? பேறு பாக்க கெவர்மெண்டு என்ன அனுப்பியிருக்கு. சாரு ஒண்ணு எழும்பணும்."

"எழும்ப மாட்டேன்." அவர் பாயின் மேல் இன்னும் அழுத்தமாக உட்கார்ந்தார். "வெத்தல எடுக்காம எழும்பினா சம்பந்தம் வேண்டாம்னு அர்த்தம். ஒமக்காச்சுட்டு ஒரு பெண்ணுக்க காரியத்தக் கெடுக்க நான் ஆளில்ல."

"அப்பம் வெத்தலைய எடுத்திட்டு எழும்பணும்."

"நீரு சொல்லியா நான் வெத்தல எடுக்கணும்? எனக்குத் தோணும்போ எடுப்பேன்."

தங்கையன் கோபப்படவில்லை. தொப்பியைத் தரையில் வைத்தார். "சாரு இருக்கணும். கீழ ஒரு வாய் உண்டில்லா, நான் அதுவழி கேட்டுக்கிடுகேன்." குனிந்து, வாய்ப்பலகையைக் கொஞ்சம் மேலே தள்ளி, உள்ளங்கையை நீட்டினார்.

விழுந்தது அவர் கையில்தான். உடனே பலகையை இறக்கினார், விரல்களை மூடினார். மேலே இருந்தவருக்குத் தெரியாது. அடுக்களையில் இருந்தவர்களுக்கும் தெரியாது. மூடிய கையோடு நிமிர்ந்து சிவகாமியம்மாளைப் பார்த்தார்.

5

இந்த இடத்தில் இரண்டு வாரம் நின்றுவிட்டேன். தங்கையன் கையை மூடியபடி இருந்தார். நான் வாசகசாலைக்குப் போனேன், வந்தேன், சாப்பிட்டேன். அவர் கையைத் திறக்கவில்லை.

முதல் முடிவு. தங்கையன் சொல்கிறார்: "இது உமியாக்கும்." பகவதிப்பெருமாள் பிள்ளை எழுந்து, துண்டை உதறி, சொர்ணம்மாளைக் கூப்பிட்டு—

நியாயமான முடிவு. தங்கையன் கடமையைச் செய்தார், அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த ஒரு பார்வைக்குப் பிறகு அவரால் அப்படிச் சொல்ல முடியும் என்று நான் நினைக்கவில்லை. நினைக்க விரும்பவில்லை என்பது இன்னும் சரி.

இரண்டாம் முடிவு. தங்கையன் கையை மூடியபடியே சொல்கிறார்: "வீட்டுச் செலவுக்குள்ள நெல்லுதான். சட்டத்துக்குள்ளதான் இருக்கு. பராதி பொய்." வெளியே போய் உமியை ஆற்றுப்பக்கம் தூவிவிடுகிறார். உள்ளே பகவதிப்பெருமாள் பிள்ளை வெற்றிலை எடுக்கிறார்.

இதை எழுதி முடித்தபோது எனக்குக் கண் நிறைந்தது. அதனாலேயே சந்தேகம் வந்தது. நாலு நாள் கழித்துப் படித்தேன். இதில் தங்கையன் நல்லவர், தாய் பிழைத்தாள், மாமன் மகிழ்ந்தார். ஆனால் சரோஜம் எங்கே? ஒரு வண்டி உமியைத் தலையில் சுமந்துகொண்டு வடசேரிக்குப் போகிறாள். மாமன் ஒவ்வொரு அறுப்புக்கும் சிரித்துக்கொண்டே கேட்பார், "மைனி வீட்டுப் பத்தாயம் எப்படி மக்கா?" அவள் ஒவ்வொரு முறையும் நிறைந்திருக்கிறது என்று சொல்ல வேண்டும். என் எடுத்துக்காட்டு வாக்கியத்தை அவள் ஆயுள் முழுவதும் சொல்ல வேண்டும்.

கையில் குடை இருந்தும் நனைந்து வந்தவனிடமும் அதையே சொல்ல வேண்டும்.

6

மூன்றாவதை நான் யோசிக்கவில்லை. இரண்டையும் ஒதுக்கி வைத்துவிட்டுச் சும்மா இருந்தபோது, சரோஜம் அடுக்களை வாசலிலிருந்து இரண்டு அடி முன்னால் வந்துவிட்டாள்.

"சார், கையத் தொறந்து காட்டுங்க."

"மக்கா" என்றாள் சிவகாமியம்மாள். அதட்டலாகச் சொல்ல நினைத்தாள். கெஞ்சலாக வந்தது.

"எம்மா, இருக்கட்டும்." சரோஜம் இன்ஸ்பெக்டரைப் பார்க்கவில்லை. பத்தாயத்தின் மேல் இருந்தவரைப் பார்த்துச் சொன்னாள்: "அது உமி, மாமா. நானும் அம்மையுமாட்டு நெறச்சோம். மேல கொஞ்சம் நெல்லு உண்டு, அது பாயில கெடக்கு. அம்ம எனக்காச்சுட்டுச் செஞ்சது. நான் பிடிச்சுக் குடுத்தேன். அதனால என்னையும் சேத்துத்தான் சொல்லணும்."

யாரும் பேசவில்லை. என் கதைகளில் இப்படிப்பட்ட இடங்கள் அதிகம், எனக்கு அவை பிடிக்கும். ஆனால் இந்த மௌனம் நான் வைத்ததல்ல.

தங்கையன் கையைத் திறந்தார். வியர்வையில் உமி ஒட்டிக்கொண்டிருந்தது. அதை வாய்ப்பலகை அருகே உதிர்த்தார்.

"அப்பம் பராதி பொய்யாக்கும்" என்றார் மெதுவாக. "எனக்கு இங்க வேலையில்ல." தொப்பியை எடுத்துக்கொண்டார். வாசல்வரை போய்த் திரும்பி, "அம்மச்சி, எங்க வீட்டுலயும் ஒண்ணு கெடக்கு. பிள்ளைக அதுக்குள்ள ஒளிஞ்சு விளையாடுகு" என்றார். போய்விட்டார்.

சொர்ணம்மாள் அடுக்களையிலிருந்து தலையை நீட்டினாள். "என்ன, எறங்குகேளா?" என்று கணவரைக் கேட்டாள்.

பகவதிப்பெருமாள் பிள்ளை இறங்கவில்லை. காப்பாற்ற இனி நெல் எதுவும் அங்கே இல்லை. தடுக்க இன்ஸ்பெக்டரும் இல்லை. ஆனாலும் அவர் உட்கார்ந்திருந்தார். தட்டு வலதுகை அருகே இருந்தது. கை மடியில் இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "கொஞ்சம் வெள்ளம் தா மக்கா."

சரோஜம் தண்ணீர் எடுக்க உள்ளே போனாள்.

7

இத்தோடு நிறுத்துகிறேன். ஒரு சாக்கும் சொல்லாமல் போகலாம், ஆனால் உங்களிடம் ஒன்றைக் காட்ட வேண்டியிருக்கிறது. நாலாம் பகுதியில் நான் அடிக்க நினைத்து விட்டுவைத்த அந்த வாக்கியத்தைத் திரும்பிப் பாருங்கள். தட்டிய விரல் பலகையின் மேலேயே கொஞ்ச நேரம் இருந்தது. நெல்லின் ஊமை ஒன்று, உமியின் ஊமை வேறொன்று என்று சொல்கிறார்கள். பழகிய கைக்குத் தெரியுமாம். அந்த வருஷம் தங்கள் வீட்டுப் பத்தாயத்தையும் உமியால் நிரப்பித் தட்டிப் பார்த்தவர்கள் வடசேரியிலும் இருந்திருப்பார்கள். அப்படியானால் அவர் எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது எதைக் காப்பாற்ற? இல்லை, அவர் வெறும் பிடிவாதக்காரர், இப்போது எப்படி மரியாதையாக எழுவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறாரா? தண்ணீர் கேட்டதற்குத் தாகம்தான் காரணமா?

எனக்குத் தெரியாது. அவரை நான் எழுப்பினால் ஒரு பெண்ணைத் தோற்கடித்தவன் ஆவேன். வெற்றிலையை எடுக்கச் சொன்னால், உண்மைக்கு உடனே கூலி கொடுத்தவன் ஆவேன். அவள் கூலிக்காகச் சொல்லவில்லை.

ஆகவே நீங்கள் அந்த நடு அறையில் இருங்கள். சரோஜம் செம்பில் தண்ணீரோடு திரும்பி வருவாள். அப்போது அவர் எங்கே இருக்கிறார், கையில் என்ன இருக்கிறது என்பதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

தாணுலிங்கத்துக்கு அனுப்ப வேண்டிய ஒரு பக்கத்தைச் செப்பனிட்டுவிட்டேன். பொருளை மாற்றவில்லை. பிறப்பு இன்னும் தெரியவில்லை. எடுத்துக்காட்டு வரியை மட்டும் அடித்து, என்னால் பொறுப்பேற்க முடிந்ததை எழுதியிருக்கிறேன்.

எடுத்துக்காட்டு: சிவகாமியம்மாளின் பத்தாயத்தின் மேல் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்.